வீடற்றவனும் தோட்டத்துப் பாட்டும்

பிரிஞ்சாங் மலையில் தேயிலையோடு வாழும் நமக்கு உறவான நாவல் ஒன்று உண்டு. இலங்கை மலையகத் தோட்டங்களைப் பற்றிய அந்நாவலின் பெயர் 'வீடற்றவன்'. 1981இல் நூலாக வந்தது. எழுதியவர் சி.வி. வேலுப்பிள்ளை. தோட்டத்தில் பிறந்தவர், தொழிற்சங்கவாதி. 1947இல் தலவாக்கலை மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டமோ, மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் விடிவு பிறந்தது.

கதை எளியது. தொழிலாளி ஒருவன் தோட்டத்தில் சங்கம் அமைக்க முற்படுகிறான், வேலை போகிறது. வேலை போனால் லயத்து வீடும் போகும் அல்லவா? உழைத்த மண்ணில் அடுப்பு மூட்ட அவனுக்கு இடமில்லை. எது நம் வீடு என்ற அந்தக் கேள்வி நமக்கும் புதிதன்று.

வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் தாலாட்டு, காதல் பாட்டு, ஒப்பாரி ஆகியவற்றையும் திரட்டி, 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று வெளியிட்டார். கடல் கடந்து வந்தவர்களின் ஆசையும் ஏக்கமும் கங்காணியின் பேரேட்டில் இல்லை, பாட்டில்தான் இருக்கின்றன.

பெற்றோர்களே, பாட்டி பாடும் தாலாட்டைப் பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும். பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கீழே குறிக்கட்டும். லயத்தைக் காலி செய்ய நேர்ந்தாலும் அந்த நோட்டு நம்மோடு வரும்.