கனவை யார் எழுதிவைப்பது?

போடியில் விடியுமுன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் அதற்கும் முந்தி எழுந்து சோறாக்கியாக வேண்டும். ஒரு அக்காவிடம் கனவுபற்றிக் கேட்டேன். “கனாவெல்லாம் விடிஞ்சும் தூங்குறவுகளுக்குத்தான் தம்பி.”

பாதிதான் சரி. தெளிவான கனவுகள், 1953இல் கண்டறியப்பட்ட, கண்கள் விரைந்தசையும் உறக்கத்தில்தான் மிகுதி. அது பின்னிரவில் நீள்வது. அதைத்தான் ஜீப் பறித்துக்கொள்கிறது. ஆனாலும் அதன் நடுவில் எழுப்பப்படுபவர் கையில் கனவு இருக்கும். அடுப்பைப் பற்றவைப்பதற்குள் நழுவிவிடும்.

கனவுக் குறிப்பேடு கேட்பது அந்த ஒரு நிமிஷத்தை. புரளாமல், கண் திறக்காமல், கடைசிப் பிம்பத்தைப் பிடித்துப் பின்னோக்கிப் போக வேண்டும். பிறகு நாலு சொல் கிறுக்கினால் போதும். விளக்கம் அப்புறம். (நம் நண்பர்கள் பேனாவை எடுக்குமுன்பே ஃப்ராய்டைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.)

நோட்டு இல்லாவிட்டால் வாய் இருக்கிறது. கண்ணகி தன் கனவைத் தேவந்தியிடம் சொல்லத்தானே செய்தாள்? ஹிட்லர் ஆட்சியில் வாழ்ந்தோரின் கனவுகளை 1933 முதல் பெர்லினில் கேட்டெழுதிய ஷார்லோட் பெராட், அவற்றைப் புத்தக அட்டைகளுக்குள் ஒளித்துவைத்தார், 1966இல் நூலாயிற்று. அதிகாரம் உறக்கத்துக்குள்ளும் நுழைந்துவிட்டதை அக்கனவுகள் காட்டின.

அந்த அக்காவிடம், ஜீப்பில் பக்கத்தில் இருப்பவரிடமாவது சொல்லிவையுங்கள் என்றிருந்தேன். பத்து நாள் கழித்து மூன்று கனா சொன்னார். மூன்றிலும் ஜீப்பைத் தவறவிட்டிருந்தார்.