வயிற்றுவலிச் சொட்டு மருந்தா? கொஞ்சம் பொறுங்கள்!

திண்டிவனத்தில் பஸ் ஏறியதிலிருந்து அந்தக் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. "மூத்தவனுக்கு வாங்கின வயித்துவலி சொட்டு மருந்து இருக்கு. ரெண்டு சொட்டு விடட்டுமா அக்கா?" என்றாள் தாய். பிள்ளைக்கு ரெண்டு மாசம். "வேண்டாம்மா!" என்று தடுத்தேன்.

ஏன் தெரியுமா? இத்தகைய மருந்துகள் பலவற்றில் டைசைக்ளோமின் இருக்கிறது. குடல் இறுக்கத்தைத் தளர்த்தி வலியை அடக்கும். ஆனால், இதைக் குடித்த சிசுக்கள் சிலருக்கு மூச்சுத் திணறல், வலிப்பு, மயக்கம் எல்லாம் வந்திருக்கின்றன. ஆகவே 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடவே கூடாது. அழுகையை அடக்கத் தூக்க மருந்து கொடுப்பதும் ஆபத்தே.

நன்றாகப் பால் குடித்து எடை ஏறும் குழந்தை மாலை வேளையில் அழுவது, பெரும்பாலும் 3, 4 மாதத்தில் தானே அடங்கிவிடும். பால் கொடுத்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யுங்கள்.

பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், வயிறு உப்பல், காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது - இவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது.

அந்தக் குழந்தையா? அம்மா தோளில் ஒரு ஏப்பம் விட்டது. விழுப்புரம் வருவதற்குள் தூங்கியும் போச்சு!