பெட்டகமும் திறப்பும்

கல்முனைப் பிரதான வீதியில் கையடக்கத் தொலைபேசி திருத்தும் கடைகளுக்குக் குறைவில்லை. அத்தகைய கடையொன்றின் வாசலில் சென்ற மாதம் சிறிது நேரம் காத்திருக்க நேர்ந்தது. எனக்கு முன்னால் முதிய தாயொருவர் நின்றிருந்தார். கண்ணாடி வெடித்துப்போன தமது தொலைபேசியைக் கடை இளைஞனிடம் நீட்டினார். அவன் அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, “என்ன உம்மா, லொக் ஒண்டும் போடல்லியா?” என்று வியந்தான்.

“என்ட போனுக்குள்ள என்ன மகன் இரிக்கி, பூட்டு வெக்க?” என்றார் அவர்.

அவருக்கு அடுத்து நின்றவர் ஓர் ஆசிரியர். அவருடைய தொலைபேசிக்குப் பூட்டு இருந்தது. இளைஞன் கேட்டதும் அதன் இலக்கத்தை உரக்கச் சொன்னார். அது அவர் பிறந்த ஆண்டு. கடையில் நின்ற ஆறேழு பேருடைய காதுகளிலும் அது விழுந்தது. பூட்டாத தாய்க்கும் பூட்டிய ஆசிரியருக்கும் வேற்றுமை பெரிதாக இல்லை என்று அப்போது தோன்றியது.

ஆயினும் அத்தாய் கேட்ட கேள்வி நேர்மையானது. அதற்கு விடை சொல்லாமல் பூட்டின் பெருமையைப் பேசுவது பொருந்தாது. அந்தச் சிறு கருவிக்குள் என்னதான் இருக்கிறது?

பேத்தியின் திருமண நாளில் பெண்கள் பகுதியில் எடுத்த படங்கள் இருக்கின்றன. கட்டாரில் உழைக்கும் மகன் இரவில் அனுப்பிய குரற்செய்திகள் இருக்கின்றன. வங்கியிலிருந்து வரும் தகவல்கள், அடையாள அட்டையின் படம், மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டு, ஊரில் இருநூறு பேருடைய தொலைபேசி இலக்கங்கள் யாவும் இருக்கின்றன. இவற்றுள் அத்தாய்க்கு மட்டும் உரியவை மிகச் சில. எஞ்சியவை பிறர் அவரை நம்பிக் கொடுத்தவை. நம் ஊர் வழக்கில் இதற்கு ‘அமானிதம்’ என்று பெயர். தன் பொருளைப் பூட்டாமல் வைப்பது ஒருவருடைய விருப்பம். அமானிதப் பொருளைப் பூட்டாமல் வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. கைத்தொலைபேசியின் பாதுகாப்பைப் பற்றி நாம் சிந்திக்கத் தொடங்கவேண்டிய இடம் இதுவே.

நமது பழைய வீடுகளில் பெட்டகம் என்ற ஒன்று இருந்தது. கனத்த மரத்தாலான அப்பெட்டிக்குள் நகையும் பட்டும் காணியுறுதிகளும் இருந்தன. அதன் திறப்பு வீட்டுத் தலைவியின் முந்தானைத் தலைப்பில் முடிந்திருக்கும். பெட்டகத்தைத் தச்சன் செய்தான். ஆனால் எதை எந்த அறையில் வைப்பது, எதை அடியில் மறைப்பது, எதை மேலே எட்டும்படி விடுவது என்பதைத் தச்சன் தீர்மானிக்கவில்லை. வீட்டுக்காரியே தீர்மானித்தாள்.

இன்றைய பெட்டகம் அவ்வாறன்று. அது கடையிலிருந்து வரும்போதே உள்ளறைகள் ஒழுங்குசெய்யப்பட்டு வருகிறது. எந்தச் செய்தி பூட்டிய முகத்தில் தெரியலாம், எந்தச் செயலி நாம் நிற்கும் இடத்தை அறியலாம், எந்தப் படம் தானாக வந்து இறங்கலாம் என்பனவற்றையெல்லாம் கொரியாவிலோ கலிபோர்னியாவிலோ இருப்பவர்கள் நமக்காக முன்னரே தீர்மானித்துவிட்டார்கள். அத்தீர்மானங்களை மாற்றும் உரிமையையும் கருவிக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பற்சக்கர வடிவில் ஒரு குறி காணப்படுகிறதே, ‘அமைப்புகள்’ என்பது அதன் பெயர். நம்மிற் பலர் அந்தக் கதவை ஒருநாளும் திறந்ததில்லை.

முதலிற் பூட்டை எடுத்துக்கொள்வோம். இலண்டனில் ஜோசப் பிராமா என்பவர் செய்த பூட்டொன்று 1790ஆம் ஆண்டு தொடக்கம் அவருடைய கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதைத் திறப்பின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்திருந்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் திறக்கவில்லை. 1851இல் அமெரிக்கரான ஹொப்ஸ் என்பவர் திறந்தார். 16 நாட்களில் 51 மணி நேரம் அதனோடு போராடிய பிறகே திறந்தார். உடைக்கவியலாத பூட்டு உலகில் இல்லை. கள்ளனுக்கு எவ்வளவு நேரத்தைச் செலவாக்குகிறது என்பதே பூட்டின் தகுதி.

தொலைபேசியின் பூட்டும் இவ்விதிக்கு உட்பட்டதே. நான்கு இலக்கங்களால் அமைக்கக்கூடிய எண்கள் 10,000. ஆறு இலக்கங்களானால் அவை 10 இலட்சம் ஆகின்றன. பிழையான எண்ணைத் திரும்பத் திரும்ப இட்டால் கருவி நெடுநேரம் காத்திருக்கச் செய்யும். ஆதலால் ஆறு இலக்கப் பூட்டு போதிய பலமுடையது. ஆனால் அந்த ஆசிரியரைப் போலப் பிறந்த ஆண்டைப் பூட்டாக வைத்தால் 10,000 என்ற தொகை அறுபது எழுபதாகச் சுருங்கிவிடும். புள்ளிகளை இணைத்துக் கோடு வரையும் பூட்டையும் பலர் விரும்புகின்றனர். 2010இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண்ணாடியில் விரல் விட்டுச்சென்ற எண்ணெய்த் தடத்தைப் படமெடுத்து அக்கோட்டைக் கண்டறியலாம் என்று காட்டினார்கள். தேங்காயெண்ணெய் தலையில் தடவும் நாட்டில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. கைரேகைப் பூட்டு வசதியானதே; எனினும் அதற்குப் பின்னால் நிற்பது அந்த எண்தான். எண் நலிந்ததாயின் கைரேகையாற் பயனில்லை.

இன்னொரு பூட்டு உண்டு. அதைப் பலர் அறியார். தொலைபேசியைத் திருடியவன் சிம் அட்டையைக் கழற்றி வேறொரு கருவியில் இட்டால், வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் அவன் கைக்கு வந்துவிடும். சிம் அட்டைக்கும் தனியாக ஓர் எண் வைக்கலாம். அமைப்புகளில் பாதுகாப்பு என்ற பகுதியில் அது இருக்கிறது. மாற்றுவதற்கு முன் அட்டையின் ஆரம்ப எண்ணைத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டறிதல் அவசியம். மூன்றுமுறை பிழைத்தால் அட்டை அடைபட்டுவிடும்; அதை மீட்க எட்டு இலக்க எண்ணொன்று வேண்டும்.

ஆனால் இக்காலத்துக் கள்ளன் பூட்டை உடைப்பதில்லை. திறப்பை நம்மிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறான். நமக்கு அறிமுகமான ஒருவருடைய பெயரில் வட்ஸ்அப் செய்தி வரும். “தவறுதலாக உங்களுக்கு ஓர் ஆறு இலக்க எண் வந்திருக்கும், அதை அனுப்பிவிடுங்கள்” என்று பணிவாகக் கேட்பான். அனுப்பிய சிறிது நேரத்தில் நமது கணக்கு அவனுடையதாகிவிடும். பிறகு நமது பெயரால் நமது உறவினரிடம் கடன் கேட்பான். பணம் இழப்பவர் நாமல்லர், நம்மை நம்பியவர்கள். ‘இரு-படிச் சரிபார்ப்பு’ என்னும் ஏற்பாட்டை 2017ஆம் ஆண்டு தொடக்கம் வட்ஸ்அப் எல்லோருக்கும் தந்துள்ளது. நாமே தெரிவுசெய்த வேறோர் எண்ணையும் அது கேட்கும். அமைப்புகளிற் கணக்கு என்ற பகுதியைத் திறந்தால் இரண்டு நிமிட வேலை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இத்தகைய அத்துமீறலைக் குற்றமாக்கியுள்ளது என்பது உண்மையே. எனினும் சட்டம் களவுக்குப் பின் வருவது. பூட்டு களவுக்கு முன் நிற்பது.

வீட்டுக்குப் பூட்டு மட்டும் போதாது, படலையும் வேண்டும். யார் உள்ளே வரலாம் என்பதைப் படலையே தீர்மானிக்கிறது. ஒளிவிளக்காகப் பயன்படும் செயலி நமது தொலைபேசிப் புத்தகத்தைக் கேட்கிறது; விளையாட்டுச் செயலி ஒலிவாங்கியைக் கேட்கிறது. 2015இல் வெளிவந்த ஆறாவது அன்ட்ரொய்டு முதல், இத்தகைய அனுமதியை ஒவ்வொன்றாகக் கேட்டே பெறவேண்டும் என்ற ஒழுங்கு ஏற்பட்டது. கேள்வி கேட்கப்படுகிறது, நாம்தான் வாசியாமலே ‘அனுமதி’ என்பதை அழுத்திவிடுகிறோம். விளக்குக்கு உறவினரின் இலக்கங்கள் எதற்கு என்று ஒருகணம் சிந்தித்தால் போதும். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் அமைப்புகளில் இடமுண்டு. அவ்வாறே பூட்டிய திரையில் செய்தியின் வாசகம் தெரியாதபடி மறைக்கவும் முடியும். வகுப்பறை மேசையில் வைத்த தொலைபேசி குடும்பச் செய்தியை மாணவருக்கு வாசித்துக் காட்டவேண்டியதில்லை.

படலையின் அருமையை இந்த மாவட்டத்தவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, உணவிற் கருத்தடை மருந்து கலக்கப்பட்டதென்ற பொய்யினால், அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமொன்றும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மருந்தென்று சொல்லப்பட்டது வெறும் மாவுக்கட்டியே என்று அரச பகுப்பாய்வு பின்னர் தெரிவித்தது. அதற்குள் அப்பொய் கையிற் கையாகத் தொலைபேசிகளில் நாடெங்கும் பரவிவிட்டது. மார்ச் மாதத்தில் கண்டி மாவட்டம் எரிந்தது. அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவற்றைச் சில நாட்கள் முடக்கியது. தன் தளம் அவ்வன்முறையில் வகித்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்திலே மன்னிப்புக் கோரியது. வட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவியலாதெனும் கட்டுப்பாடு 2019 ஜனவரியில் உலகெங்கும் வந்தது. நம்மைக் கேளாமல் எவரும் குழுவிற் சேர்க்காதபடி தடுக்கும் ஏற்பாடு அவ்வாண்டு ஏப்பிரலில் வந்தது. அதுவும் அமைப்புகளிலேதான் இருக்கிறது. படலையை மூடுவதும் திறப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பு.

பூட்டும் படலையும் மனிதரைத் தடுக்கும். கடலைத் தடுக்குமா? 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்தபோது இலங்கையில் அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை தொடங்கி சாய்ந்தமருது, காரைதீவு வரை கரையோரம் அழிந்தது. மனிதரோடு பெட்டகங்களும் போயின. பிறப்புச் சான்றிதழும் காணியுறுதியும் பரீட்சைப் பெறுபேறுகளும் போயின. இறந்துபோன பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஒரு படமும் எஞ்சாத வீடுகள் இருந்தன. அப்பெட்டகங்கள் நன்றாகவே பூட்டப்பட்டிருந்தன. ஆனால் அவற்றிலிருந்த பொருளுக்கு மறுபிரதி இருக்கவில்லை.

கள்ளனுக்குப் பூட்டு, கடலுக்குப் பிரதி. இவ்விரண்டும் சேர்ந்ததே பாதுகாப்பு. தொலைபேசியின் அமைப்புகளில் ‘காப்புப்பிரதி’ என்ற பகுதியை ஒருமுறை இயக்கிவிட்டால், தெரிவுசெய்தவை தாமாகவே தொலைதூரக் கணினியிற் படியெடுக்கப்படும். வட்ஸ்அப் உரையாடலின் பிரதிக்கும் தனிக் கடவுச்சொல் இட்டுக்கொள்ளும் வசதி 2021இல் வந்தது. இவற்றோடு நின்றுவிடாமல், முக்கியமான பத்திரங்களையும் படங்களையும் சிறு நினைவுக்கோலில் பதிந்து, கரையிலிருந்து விலகிச் சம்மாந்துறையிலோ வேறெங்கோ இருக்கும் உறவினர் வீட்டிற் கொடுத்து வைப்பது நன்று. பூட்டிய திரையிலும் பிறர் பார்க்கக்கூடிய ‘அவசரத் தகவல்’ என்றோர் இடமுண்டு. இரத்த வகையையும் அழைக்கவேண்டிய ஒருவரின் இலக்கத்தையும் அதில் எழுதிவைக்கலாம். உணர்விழந்து கிடக்கும்போது நமக்காக அது பேசும்.

தொலைபேசி களவுபோனால் பிறிதொரு கருவியிலிருந்து அதனைத் தேடவும் பூட்டவும் உள்ளிருப்பதை அழிக்கவும் கூகிள், அப்பிள் நிறுவனங்கள் வழி வைத்திருக்கின்றன. முன்கூட்டியே அதனை இயக்கியிருத்தல் வேண்டும். விண்மீன் குறி, சதுரக் குறி, பூச்சியம், ஆறு, சதுரக் குறி என்று வரிசையாக அழுத்தினால் கருவிக்குரிய 15 இலக்க அடையாள எண் தோன்றும். அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால் பொலிஸ் முறைப்பாட்டுக்கு உதவும்.

இத்தனை கதவுகளையும் திறக்க முதலில் வேண்டியது, அவற்றின் மேல் எழுதியிருப்பதை வாசிக்கும் ஆற்றல். ஆங்கிலத்தில் விடப்பட்ட தொலைபேசி, ஆங்கிலம் அறியாத தாயிடம் அனுமதி கேட்கும்போது அது கேள்வியாக இருப்பதில்லை. 1991இல் வெளியான யுனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழெழுத்துக்கு இடம் கிடைத்தது; இன்று பெரும்பாலான கருவிகளின் அமைப்புகளைத் தமிழிலேயே காணலாம். சில சொற்கள் கரடுமுரடாக இருக்கக்கூடும். இருந்தாலும் மொழியைத் தமிழாக மாற்றுவதும் எழுத்தைப் பெரிதாக்குவதும், முதியவர்களுக்கு நாம் செய்யக்கூடிய முதற் பாதுகாப்பு. மாணவர்கள் இதைத் தத்தம் வீட்டில் ஒரு மாலைப்பொழுதிற் செய்து முடிக்கலாம்.

இறுதியாக ஒன்று. பெட்டகத்தின் திறப்பு உம்மாவிடம் இருந்தது. அது எங்கே இருக்கிறதென்பது மூத்த மகளுக்கும் தெரிந்திருந்தது. உம்மா கண்மூடிய பின் வீடு இருளில் நிற்கவில்லை. இன்று ஒருவர் இறந்தால் அவருடைய தொலைபேசி எவராலும் திறக்கமுடியாத கல்லாகிவிடுகிறது. அதனுள் இருந்த கடன் கணக்கும் கவிதையும் அவரோடு போகின்றன. நம்பிக்கைக்குரிய ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் வசதியைக் கூகிள் 2013இலும் அப்பிள் 2021இலும் ஏற்படுத்தியுள்ளன. எல்லோரிடமிருந்தும் மறைப்பது பாதுகாப்பாகாது. உரியவர் கையில் உரிய காலத்திற் சேரவேண்டும்.

அன்று அந்தக் கடையில் தாயாரின் கருவிக்குக் கண்ணாடி மாற்றி முடிந்ததும், இளைஞன் அவரைப் பக்கத்தில் அழைத்தான். “உம்மா, ஆறு நம்பர் நினைச்சுக்குங்க. எனக்குச் சொல்லாதீங்க” என்று கூறிவிட்டுத் தன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவர் ஒவ்வொரு இலக்கமாக மெதுவாக அழுத்தினார்.

பக்கத்தில் நின்ற ஆசிரியர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனிடமிருந்து தமது தொலைபேசியைத் திரும்ப வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை, பற்சக்கரக் குறியைத் தொட்டதுதான்.