முழங்கால் நோவுக்கு நரம்பைச் சுடுவது: பயப்பட வேண்டுமா?

போன மாதம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு அம்மா ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு வந்தார். "டீச்சர், முழங்கால் நரம்பைச் சுடப்போகினமாம். பிறகு கால் வழங்காமல் போனால் நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார். இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த வேறு ஆட்களுக்கும் இந்தப் பயம் இருக்கலாம். அதனால் விளக்கமாக எழுதுகிறேன்.

இது என்ன சிகிச்சை?
மூட்டு தேயும்போது வருகிற நோவை மெல்லிய நரம்புகள் மூளைக்குக் கொண்டுபோகின்றன. முழங்காலில் பெரும்பாலும் மூன்று நரம்புகளைத் தெரிவு செய்வார்கள். அந்த இடத்தை விறைக்கப் பண்ணி, எக்ஸ்ரே அல்லது ஸ்கானில் பார்த்தபடி ஊசியை வைத்து, ரேடியோ அலை மின்சாரத்தால் அதன் நுனியைச் சூடாக்குவார்கள். வழமையான முறையில் சூடு சுமார் 80 பாகை செல்சியஸ். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

கால் வழங்குமா?
காலை அசைக்கிற பெரிய நரம்புகள் வேறு. சுடுவது நோவை உணர்த்துகிற சிறு கிளைகளை மட்டும். மணியின் வயரைக் கழற்றினால் சத்தம் நிற்கும், கதவு திருந்தாது. அதுபோல நோ குறையும், தேய்ந்த மூட்டு தேய்ந்தபடிதான் இருக்கும். நரம்பு திரும்ப வளரும். பலருக்கு 6 முதல் 12 மாதம் வரை சுகம் கிடைக்கும், சிலருக்குக் கேட்காது. சில நாட்கள் வீக்கம், கண்டல், மரப்பு இருக்கலாம்.

முதலில் ஒரு பரீட்சை ஊசி
அதே நரம்புகளில் விறைப்பு மருந்து மட்டும் போடுவார்கள். அன்றைக்கு நடந்து, படி ஏறிப் பாருங்கள். எவ்வளவு குறைந்தது என்று எழுதி வையுங்கள். நோ பாதியாவது குறைந்தால்தான் பொதுவாக அடுத்த படி. இடுப்பு மூட்டுக்கும் இது உண்டு, ஆனால் பெரிய இரத்தக் குழாய்கள் பக்கத்தில் இருப்பதால் குறைவாகத்தான் செய்கிறார்கள்.

எடுத்தவுடனே இதற்குப் போவதில்லை. 2022இல் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டலின்படி முதலில் உடற்பயிற்சி, தேவையானால் எடை குறைத்தல், முழங்காலுக்குப் பூசும் மருந்து. பனடோல் குளிசையை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்றும் அது சொல்கிறது.

டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்
• இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறீர்களா? பேஸ்மேக்கர், சலரோகம் இருக்கிறதா?
• நோ தேய்மானத்தாலா, ஊரில் அடி, சித்திரவதை பட்டதாலா? அப்படியென்றால் உங்கள் சட்டத்தரணியிடமும் சொல்லுங்கள். மருத்துவக் குறிப்பு வழக்குக்கும் உதவக்கூடும்.
• கரண்ட் பிடித்துச் சித்திரவதை செய்யப்பட்டவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். இடையில் நிறுத்தச் சொல்லவும் வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை.

காசு கட்ட வேண்டுமா?
அகதி விண்ணப்பம் விசாரணையில் இருக்கிறவர்களுக்கு ஜீ.பி.யும் ஆஸ்பத்திரியும் இலவசம். மறுக்கப்பட்டவர்களுக்கும் ஜீ.பி. இலவசம். ஆனால் இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி விதி ஆளுக்கு ஆள் வேறுபடும். திகதி எடுக்க முன்னம் எங்களிடம் வாருங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் இலவசமாகக் கேட்கலாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் கதைக்க விடாதீர்கள்.

அந்த அம்மா தன் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். பரீட்சை ஊசிக்குப் பிறகு முடிவு எடுப்பாராம். நீங்களும் கேட்டு, விளங்கிக்கொண்ட பிறகே கையெழுத்து வையுங்கள்.