மணல் புகுந்த வீடுகளும் படத்தில் வராத மனிதர்களும்

“கதவடியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். உள்ளே காலடித் தடம் இல்லையென்றால் நடுவில் இறங்க வேண்டாம், சுவரோரமாகப் போங்கள்.” செயலமர்வின் முதல் அறிவுறுத்தல் இதுதான். விடிந்தும் விடியாத நேரம். அத்திலாந்திக் பக்கமிருந்து வந்த குளிர்காற்றில் கை விறைத்திருந்தது. எனக்கு முன்னால் இருந்த அறையின் பாதி உயரத்துக்கு மணல் ஏறியிருந்தது. சுவரில் நீல வண்ணம் இன்னும் மிச்சமிருந்தது. கதவு ஒன்று திறந்த நிலையிலேயே மணலுக்குள் புதைந்து நின்றது.

அந்த இடம் கொல்மன்ஸ்கொப். நமீபியாவின் தென்மேற்குக் கரையில், லூடெரிட்ஸ் என்ற துறைமுக நகரத்திலிருந்து சுமார் 10 கிலோமீற்றர் உள்ளே, நமீப் பாலைவனத்தில் இருக்கிறது. வைரக் கம்பனி ஒன்று கட்டி, கம்பனியே கைவிட்டுப்போன ஊர். பெயர் தெரியாதவர்களும் அதன் படத்தைப் பார்த்திருப்பீர்கள். 2020 இல் வெளிவந்த ‘தி ஸ்லோ ரஷ்’ என்ற இசைத்தொகுப்பின் அட்டையில் இருப்பதும் இந்த ஊரின் ஓர் அறைதான். ஊடகப் பயிற்சி ஒன்றுக்காகத் தென்னாபிரிக்கா போயிருந்தபோது, திரும்பும் வழியில் இங்கு நடந்த ஒரு புகைப்படச் செயலமர்வில் சேர்ந்துகொண்டேன்.

பாலைவனத்தில் பனிக்கட்டி

1908 ஏப்ரல். நமீபியா அப்போது ஜேர்மனியின் குடியேற்ற நாடு. லூடெரிட்ஸிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் ரயில் பாதையில் மணல் ஏறிக்கொண்டே இருக்கும். அதை வாரி ஒதுக்கும் வேலையில் இருந்த சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி, மின்னும் கல்லொன்றைக் கண்டெடுத்துத் தன் மேற்பார்வையாளர் ஓகஸ்ட் ஸ்ராவுக்கிடம் கொடுத்தார். அது வைரம். ஸ்ராவுக் நிலத்துக்கு உரிமம் எடுத்துக் கோடீஸ்வரரானார். லெவாலாவுக்கு வெகுமதி எதுவும் கிடைக்கவில்லை.

அதே ஆண்டு செப்டெம்பரில், ஒரேஞ்ச் ஆற்றிலிருந்து வடக்கே நீண்டு, கடலிலிருந்து 100 கிலோமீற்றர் உள்வரை அகன்ற நிலப்பரப்பை ஜேர்மன் அரசு தடைசெய்யப்பட்ட வலயமாக அறிவித்தது. வலயம் என்ற சொல் எங்களுக்கும் பழக்கமானதுதான்.

கொல்மன்ஸ்கொப் வளர்ந்தது இந்த வைரப் பணத்தில். வைத்தியசாலை, பாடசாலை, நடன மண்டபம், பந்துருட்டி விளையாடும் கூடம் எல்லாம் வந்தன. மழையே இல்லாத இடத்துக்குக் குடிநீர் கப்பலில் வந்தது. பனிக்கட்டித் தொழிற்சாலையிலிருந்து வீடு வீடாகப் பனிக்கட்டி போனது. வைத்தியசாலையில் அந்தக் காலத்திலேயே எக்ஸ்ரே இயந்திரம் இருந்தது. எலும்பு முறிவைப் பார்க்க மட்டும் அதை வைத்திருக்கவில்லை. தொழிலாளர்கள் வைரத்தை விழுங்கியிருக்கிறார்களா என்று பார்க்கவும் பயன்பட்டது என்று வழிகாட்டி சொன்னார்.

1928 இல் தெற்கே ஒரேஞ்ச் ஆற்று முகத்துவாரப் பக்கம் இதைவிட வளமான வைரப் படிவுகள் கிடைத்தன. கம்பனியின் கவனம் அங்கே திரும்பியது. ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போனார்கள். 1956 இல் ஊர் முழுதாக வெறிச்சோடியது. அதன்பின் ஜன்னல் வழியாக மணல் வந்தது. 1980 இல் சில கட்டடங்களைத் திருத்தி, ஊரை ஒரு திறந்த அருங்காட்சியகமாக்கினார்கள்.

செயலமர்வில் கற்றவை

சாதாரண நுழைவுச்சீட்டில் போகிறவர்கள் காலையில் வந்து மதியத்துக்குள் வெளியேற வேண்டும். படம் எடுப்பவர்களுக்குத் தனி அனுமதி இருக்கிறது. அதை வாங்கினால் சூரியன் எழுமுன்னே உள்ளே போகலாம். செயலமர்வுகள் நடப்பது இந்த அனுமதியில்தான்.

இப்படிப்பட்ட அறையில் முதல் சிக்கல் வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே பாலைவன வெயில் கண்ணைக் கூசவைக்கும், மூலையில் இருட்டாக இருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் கமெராவால் பிடிக்க முடியாது. ட்ரைபொட்டில் கமெராவை அசையாமல் வைத்து, ஒரே காட்சியை வெளிச்சம் குறைவாக, நடுத்தரமாக, கூடுதலாக என்று மூன்று தடவை எடுத்துப் பின்னர் கணினியில் இணைக்கச் சொன்னார் பயிற்றுநர். ட்ரைபொட்டின் கால்கள் மணலில் மெல்ல இறங்கும். அதனால் முதலிலேயே அழுத்தி ஊன்ற வேண்டும். லென்ஸை உள்ளே வைத்து மாற்றவே கூடாது. ஒரு துகள் மணல் சென்சரில் பட்டால் அன்றைய படங்கள் எல்லாவற்றிலும் புள்ளி விழும். பலகைத் தளங்கள் உக்கிப்போயிருப்பதால், மாடிக்கு ஏறுமுன் காலால் அழுத்திப் பார்க்க வேண்டும்.

மிகக் கண்டிப்பான விதி காலடித் தடம் பற்றியது. ஒருவர் மிதித்தால், அடுத்த காற்று வீசும்வரை அந்த அறையில் மற்றவர்களுக்குப் படம் இல்லை. மனிதன் கால் படாத மணல்தான் எல்லோருக்கும் வேண்டும். நானும் சுவரோரமாகவே நடந்தேன்.

யாருடைய வீடுகள்?

இரண்டு நாளில் நானூறுக்கு மேல் படங்கள் எடுத்தேன். இரவு அறையில் அவற்றைப் பிரித்து அடுக்கினேன். சுரங்க முகாமையாளர் வீடு, கணக்காளர் வீடு, ஆசிரியர் வீடு, வைத்தியர் வீடு, கட்டடக் கலைஞர் வீடு. அங்கே வேலை செய்தவர்களின் வீடு ஒன்றுகூட என் கமெராவில் இல்லை.

ஊர் செழித்திருந்த காலத்தில் சுமார் 300 ஜேர்மானியப் பெரியவர்களும் 40 பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவர்களோடு சுமார் 800 ஓவம்போ ஒப்பந்தத் தொழிலாளர்கள். நாட்டின் வடக்கிலிருந்து, மனைவி பிள்ளைகளை விட்டு, ஒப்பந்தத்தில் வந்த ஆண்கள். வரிசையாக மணலில் தவழ்ந்து வைரம் பொறுக்கியவர்கள் இவர்கள்தான். தங்கியது நீளக் கொட்டகைகளில். மறுநாள் பயிற்றுநரிடம் அந்த இடத்தைக் கேட்டேன். “அங்கே எடுப்பதற்கு ஒன்றுமில்லை” என்றார். எங்கள் நிகழ்ச்சி நிரலில் அது இருக்கவில்லை.

அவர் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். கம்பனி எதை நிலைத்து நிற்கக் கட்டியதோ அது அழகான இடிபாடாகிறது. தற்காலிகமாக அடித்த கொட்டகை இடிபாடாகக்கூட மிஞ்சுவதில்லை. இடிபாடுகளைத் தேடிப் போகும் கமெரா, கேட்காமலே முகாமையாளர் பக்கம் திரும்பிவிடுகிறது.

அந்த ரயில் பாதைக்கும் ஒரு கதை உண்டு. லூடெரிட்ஸ் கரையோரத்தில் சுறாத் தீவு இருக்கிறது. 1905 முதல் 1907 வரை ஹெரேரோ, நாமா மக்களை ஜேர்மன் படை அடைத்து வைத்த வதைமுகாம் அது. லூடெரிட்ஸ் பாதையை அமைக்க அந்தக் கைதிகளைப் பயன்படுத்தினார்கள். 1906 ஜனவரிக்கும் 1907 ஜூனுக்கும் இடையில் அந்த வேலையில் 1,359 கைதிகள் இறந்ததாக ஜேர்மன் நிர்வாகத்தின் பதிவே சொல்கிறது. லெவாலா வைரத்தைக் கண்டெடுத்தது அவர்கள் போட்ட பாதையில், அடுத்த ஆண்டு. அன்று நடந்தது இனப்படுகொலை என்று ஜேர்மனி ஏற்றுக்கொண்டது 2021 மே மாதத்தில். சுறாத் தீவோ பல ஆண்டுகளாகச் சுற்றுலாப் பயணிகள் கூடாரமடித்துத் தங்கும் இடமாக இருந்தது.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1971 டிசெம்பரில் அவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் நாடு முழுக்கப் பரவியது. 1990 இல் கிடைத்த சுதந்திரத்துக்கான போராட்டத்தில் அது ஒரு திருப்பம். கொல்மன்ஸ்கொப்பின் படங்களில் இதற்கு எந்தச் சாடையும் இல்லை.

பங்களாவும் லயமும்

எனக்கு இது உறுத்தியதற்குக் காரணம் உண்டு. என் அம்மாயி தலவாக்கலைப் பக்கம் ஒரு லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் வாழ்ந்து முடித்தவர். தோட்டமும் ஒரு கம்பனி ஊர்தான். மலையகத்தில் பழைய துரை பங்களாக்கள் பல இன்று ஹோட்டல்கள். கணப்படுப்பு, மரப்படி, புல்வெளி எல்லாம் துடைத்துப் பளபளப்பாக இருக்கும். திருமணப் படங்கள் அங்கே எடுக்கிறார்கள். லயம் அந்தப் படங்களின் பின்னணியில் தகரக் கூரையாகத் தெரியலாம், அதையும் வெட்டிவிடுவார்கள். ஒரு வித்தியாசம்: கொல்மன்ஸ்கொப்பில் தொழிலாளர் போய்விட்டார்கள். இங்கே ஆட்கள் இன்னும் அந்தக் காம்பராக்களிலேயே இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடங்களில் படம் எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த அறைகளின் வெளிச்சம் உண்மையிலேயே அழகு, மறுபடி வாய்ப்புக் கிடைத்தாலும் போவேன். ஆனால் போகுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டு போவேன். இது யாருடைய வீடு? இங்கே வேலை செய்தவர்கள் எங்கே தூங்கினார்கள்? அவர்கள் எங்கே போனார்கள்? படத்துக்குள் கொண்டுவர முடியாத பதிலை, படத்துக்குக் கீழே எழுதலாம்.

திரும்பி வந்து பத்துப் படங்களை மட்டும் வெளியிட்டேன். நீலச் சுவர் அறையின் கீழே முதலில் ‘மணல் வென்ற வீடு’ என்று எழுதியிருந்தேன். அதை அழித்துவிட்டு இப்படி மாற்றினேன்: ‘கம்பனி அதிகாரி ஒருவரின் வீடு, கொல்மன்ஸ்கொப். இந்த ஊரில் சுமார் 800 ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அவர்களுடைய கொட்டகைகள் இந்தப் படங்களில் இல்லை. நான் அங்கே போகவில்லை.’