தகடூரின் வீரக் கற்கள்

தருமபுரிப் பக்கம் பிரயாணம் செய்பவர்கள் பெரும்பாலும் ஒகேனக்கல்லுக்கே விரைகிறார்கள். காவேரி பாறைகளில் விழுந்து புகையாய் எழும் அழகைக் கண்டு, எண்ணெய் ஸ்நானம் செய்து, ஊர் திரும்புகிறார்கள். வழியிலே தருமபுரி நகரில் அரை நாள் தங்குவோர் வெகு சிலர். தங்காதவர்கள் இழப்பது இன்னதென்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகரம். நெடுங்காலம் அவ்வள்ளல் புலவர் பாட்டிலே மட்டும் வாழ்ந்தான். 1981-ஆம் ஆண்டில் தென்பெண்ணைக் கரையை அடுத்த ஜம்பை என்னும் ஊரில், பாறைக் குகையொன்றில், தமிழ் பிராமி எழுத்தில் அவன் பெயர் கண்டறியப்பட்டது. அசோகச் சக்கரவர்த்தியின் சாஸனம் கூறும் சத்தியபுத்திரர் அதியமான் மரபினரே என்பதற்கு அக்கல் சான்றாயிற்று.

நகரிலுள்ள கோட்டைக் கோயில்களைத் தரிசித்தபின் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே பொன்னும் மணியும் இல்லை, நடுகற்கள் நிற்கின்றன. ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளும் ஏந்திய வீரனின் உருவம். சில கற்களில் அருகே வட்டெழுத்து வரிகள். இன்ன அரசனின் இன்ன ஆண்டில், இன்னாருடைய சேவகன் இன்னான், 'தொறு மீட்டுப் பட்டான்' என்பதே அவ்வரிகளின் சாரம். தொறு என்றால் ஆநிரை. பகைவர் ஓட்டிச் சென்ற ஊர்ப் பசுக்களை மீட்கப் போய் உயிர் நீத்தவன் என்று பொருள்.

இதில் நம் நெஞ்சைத் தொடுவது யாதெனில், இப்படிப் பட்டவர்களிற் பெரும்பாலோர் அரசர்கள் அல்லர் என்பதே. மன்னன் பெயர் காலக் கணக்குக்காக மட்டும் வருகிறது. கல் நிற்பது சேவகனுக்காக. அண்டையிலுள்ள திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூரில், 7-ஆம் நூற்றாண்டுக் கல்லொன்று இருக்கிறது. அதில் கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வரைக் கடித்து அவனருகே நின்ற கோவிவன் என்ற அவனது நாயும் பெயரோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. உண்ட சோற்றுக்கு உழைத்த நாயையும் மறவாத ஜனங்கள் நம் முன்னோர்!

கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல், நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரையிலான முறைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. அதியமான் மாண்டபின் அவனுக்கு நட்ட கல்லை ஔவை பாடியது புறநானூற்றில் உள்ளது. கல்லின் முன் வேந்தனும் சேவகனும் ஒன்றே.

இன்றும் பல கிராமங்களில் நடுகல்லை வேடியப்பன் என்று வணங்கிப் பொங்கலிடுகிறார்கள். ஆனால் வழிபாடு நின்ற இடத்தில் கல்லுக்குக் காவல் இல்லை. வரப்பிலே சாய்ந்து கிடக்கும் கல் சாலைக்கோ சுவருக்கோ போய்விட்டால், ஒரு மனிதனின் பெயர் இரண்டாம் முறை சாகிறது. காட்சிசாலைக்குக் கொண்டுவந்தால் கல் பிழைக்கும். தன் ஊரையும் பூவையும் இழக்கும். எது நலம்? ஊரார் காக்கும் கல் ஊரிலேயே நிற்கட்டும். காப்பாரற்ற கல் அகழ்வைப்பகம் சேரட்டும் என்பதே நமது எண்ணம். எவ்விதமாயினும், எழுத்துள்ள கல்லைக் கண்டவர் அதைத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பது கடமை.

திரும்பும் வழியில் பாப்பாரப்பட்டிக்கும் செல்லுங்கள். சிறையிலே பெருநோய் பற்றிய உடலோடு ஊர் ஊராய் நடந்து விடுதலை முழக்கம் செய்த சுப்பிரமணிய சிவா, 1925 ஜூலை 23-இல் கண் மூடியது அவ்வூரில்தான். அவர் அங்கே பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப விழைந்தார். தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கனவு நினைவாலயமாய் உருப்பெற்றுத் திறக்கப்பட்டது 2021-இல். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம்!

ஆநிரை மீட்கப் போனவனுக்கு ஊரார் தாமதமின்றிக் கல் நட்டார்கள். தேசத்தை மீட்கப் போனவருக்கு நாம் எத்தனை நாள் எடுத்துக்கொண்டோம்! அடுத்த விடுமுறையில் குழந்தைகளை அழைத்துச் சென்று அக்கற்களின் முன் நிறுத்துங்கள். வட்டெழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. அங்குள்ளவர்களைக் கேட்டு, ஒரு வீரனின் பெயரையாவது மனனம் செய்துகொண்டு திரும்பட்டும்.