வேட்டி திரும்பும் நேரம்

திருச்சியிலிருந்து வேலைக்கு வந்த என் அக்கா மகள் போரூரில் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறாள். வந்து இரண்டு மாதம் ஆகிறது. “இந்த ஊர்ல எப்படித்தான் இருக்கீங்க சித்தி, எந்நேரமும் பிசுபிசுன்னு” என்று பார்க்கும்போதெல்லாம் புலம்புவாள். ஆனி மாத ஞாயிறு ஒன்றில் சாப்பிட வந்தவளை, இரண்டு மணிக்குமேல் ஆளுக்கொரு தம்ளர் டீயோடு மொட்டைமாடிக்கு அழைத்துப் போனேன். எங்கள் வீடு திருவல்லிக்கேணியில். மெரினாவுக்கு நடந்தால் பத்து நிமிடம்.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தோம். முகத்தில் அனல் அடித்தது. “கொடியில காயுற வேட்டியை மட்டும் பாரு” என்றேன். அது கிழக்குப் பக்கமாகப் படபடத்துக்கொண்டிருந்தது. அடிப்பது மேல்காற்று. அவள் ஊரில் ஆடியில் புழுதி வாரி இறைக்கிற காற்றும் இதுதான். தென்மேற்குப் பருவத்தில் மலையைத் தாண்டும்போதே மழையைக் கொட்டிவிட்டு, உள்நாட்டு வெயிலில் காய்ந்து, வறண்டுதான் சென்னைக்கு வந்து சேர்கிறது.

பேசிக்கொண்டிருக்கும்போதே வேட்டி தொங்கியது. ஓர் இலைகூட அசையவில்லை. நாளின் மிக மோசமான சில நிமிடங்கள் அவை. பிறகு வேட்டியின் நுனி மெல்ல மேற்கே திரும்பியது, இன்னொரு தடவை, அப்புறம் முழுசாக. அவள் கழுத்து வியர்வையைத் துடைக்கப் போன கையை அப்படியே இறக்கினாள். கடல்காற்று வந்துவிட்டது.

எப்படி என்று கேட்டாள். வெறும் வாணலியை அடுப்பில் வைத்தால் உடனே காய்ந்துவிடுகிறது. அதே அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் காய எவ்வளவு நேரம் ஆகிறது? காலையிலிருந்து ஒரே சூரியன்தான் சென்னையையும் வங்கக் கடலையும் காய்ச்சுகிறது. தார்ச்சாலையும் கான்கிரீட்டும் வாணலி மாதிரி. தண்ணீருக்கோ ஒரு டிகிரி ஏறவே நிறைய வெப்பம் வேண்டும். அதோடு வெளிச்சம் ஆழத்துக்குள் இறங்குகிறது, அலை மேலும் கீழுமாகக் கலக்குகிறது, கொஞ்சம் ஆவியாகிப் போகிறது. அதனால் மே மாதத்தில்கூடக் கடலின் மேற்பரப்பு முப்பது டிகிரியை ஒட்டியே நிற்கும். நகரத்தின் மேல் சூடான காற்று லேசாகி மேலே ஏற, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருக்கிற காற்று உள்ளே வருகிறது. ராத்திரி இது தலைகீழாகும். தரை சீக்கிரம் ஆறிவிடும், கடல் ஆறாது, விடியற்காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். மோட்டார் வருவதற்கு முன்னால் கட்டுமரக்காரர்கள் இருட்டோடு அந்தக் காற்றில் போய், மதியத்துக்குமேல் இந்தக் காற்றில் பாய் விரித்துத் திரும்புவார்கள். தமிழில் காற்றுக்குத் திசை பார்த்துப் பெயர் வைத்திருக்கிறோமே, தென்றல், வாடை, கோடை என்று. கிழக்கே இருந்து வருவதற்குக் கொண்டல் என்று பெயர். இவ்வளவு அழகான சொல்லை நாம் பேச்சில் விட்டுவிட்டது எனக்குப் பெரிய வருத்தம்.

“அப்போ தினமும் ஒரே நேரத்துக்கு வராதா?” வராது. அங்கேதான் சென்னை வெயிலின் முழுக் கதையும் இருக்கிறது. மேல்காற்று வலுவாக இருந்தால் கடல்காற்றைக் கரையிலேயே நிறுத்தி வைக்கும். பதினொன்றரைக்கு வந்துவிட்டால் அன்று பிழைத்தோம். மூன்று மணிவரை வரவில்லையென்றால் நாற்பதைத் தாண்டிவிடும். கத்திரி முடிந்த பிறகும் ஜூன் மாதம் நம்மை வாட்டுவது இதனால்தான், மேல்காற்று அப்போதுதான் பலம் பிடிக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, கத்திரி போன பின்னால். கடலிலிருந்து தள்ளி இருக்கும் மீனம்பாக்கத்தில் பெரும்பாலும் நுங்கம்பாக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாக இருப்பதையும் சாயங்காலச் செய்தியில் கவனிக்கலாம்.

சில நாள் இரண்டு காற்றும் நகரத்தின் மேற்கே, பூந்தமல்லி, திருவள்ளூர்ப் பக்கம் முட்டிக்கொள்ளும். முட்டின காற்று போக வேறு வழியில்லாமல் மேலே ஏறும், மேகம் திரளும், இருட்டினதும் இடியோடு மழை. பகலெல்லாம் வெந்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்குத் திடீரென்று பெய்கிற அந்த மழையில் கடல்காற்றுக்கும் பங்கு உண்டு.

அவளுடைய புகார் பிசுபிசுப்பைப் பற்றியது. அதற்கு நியாயம் இருக்கிறது. கடல்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. அது கொண்டுவரும் குளிர்ச்சியும் நாலைந்து டிகிரிதான் இருக்கும். உடம்புக்கு இதமாக இருப்பதற்குக் காரணம் அதன் ஓட்டம். ஓடுகிற காற்று வியர்வையை உலர்த்தும், நின்றுபோன காற்று உலர்த்தாது. ஆகவே இந்த ஊரில் வாழ்கிறவர்கள் காற்று எங்கே ஓடுகிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். வந்த புதிதில் கிழக்கிலிருந்து வீசுவது, பொழுது சாயச் சாய, பூமி சுழல்வதால், தென்கிழக்காகவும் தெற்காகவும் திரும்பும். வீடு பார்க்கப் போகும் பெரியவர்கள் தெற்கே ஜன்னல் உண்டா என்று முதலில் கேட்பது இதனால்தான். எதிர்ச் சுவரில் இன்னொரு ஜன்னல் இல்லையென்றால் அதுவும் பிரயோசனமில்லை, வருகிற காற்றுக்குப் போகவும் வழி வேண்டும்.

திருவல்லிக்கேணிக்கு வாய்த்தது பெரிய வாசல். கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே பெரிதாகக் கட்டடம் எழும்பாமல் திறந்து கிடக்கிறது. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் இங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். 1870களில் வடக்கே துறைமுகம் கட்டத் தொடங்கியதிலிருந்து, கரையோரமாக வடக்கே நகர்கிற மணல் துறைமுகச் சுவரில் தடுக்கப்பட்டு இந்தப் பக்கம் சேர்ந்தது, கடற்கரை அகலமானது. அந்த மணல் போய்ச் சேராமல் ராயபுரத்துக்கு அந்தப் பக்கம் கரை அரித்துப் போனதையும் சொல்லத்தான் வேண்டும். எங்களுக்குக் கிடைத்த சுகத்தின் ஒரு பகுதி அந்தக் கரைக்காரர்கள் இழந்தது.

அரைமணி நேரத்துக்கெல்லாம் அவள் விடுதித் தோழிக்குப் போன் பண்ணினாள். “இங்கே நெருப்பா கொதிக்குது” என்று அந்தப் பெண் சொன்னது எனக்கே கேட்டது. கடல்காற்று உள்ளே போவது ஏறக்குறைய சைக்கிள் மிதிக்கிற வேகத்தில்தான். போரூருக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் கட்டடங்களில் இடித்து இடித்துக் களைத்தும் போயிருக்கும். “காத்து வந்தா ரூம்ல படுத்திருக்காதீங்க, மாடிக்குப் போங்க” என்று போனை வாங்கிச் சொன்னேன்.

ஐந்து மணிக்குக் கிளம்பினாள். நேராக பஸ்ஸில் போகாதே, திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயிலைப் பிடித்து வேளச்சேரி வரை போய், அங்கிருந்து பஸ் ஏறு என்றேன். “அது சுத்து வழி சித்தி” என்றாள். சுற்றுதான். ஆனால் இடது பக்க ஜன்னலில் உட்கார வேண்டும். கிரீன்வேஸ் ரோடு ஸ்டேஷன் தாண்டினதும் ரயில் அடையாற்றின் மேல் போகும். கழிமுகம்வரை ஆறு திறந்து கிடப்பதால் காற்று அந்த வழியே தடையில்லாமல் ஏறி வரும். பாலம் கடக்கிற அந்தக் கொஞ்ச நேரம் போனைப் பையில் வைத்துவிடு என்று சொல்லி, டிக்கெட்டுக்குச் சில்லறையும் கொடுத்து அனுப்பினேன்.